ஊசி என்பது கருவியின் பெயர், மருந்தின் பெயரன்று

முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்த, இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்குகிறது. அந்நிலையில் ‘அறுவை வேண்டாம், ஊசி போதும்’ என்னும் சொல்லைவிட ஆறுதல் வேறில்லை. அந்த ஆறுதல் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே கேள்வி.

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழர் ‘ஊசி’ என்பதைத் தெலுங்கர் ‘சூதி மந்து’ என்பர். இரண்டிலும் முந்தி நிற்பது குத்தும் கருவி. உட்செல்லும் மருந்து இன்னதென்று இரு வழக்குமே சொல்வதில்லை.

அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று சிகிச்சைகள் உள்ளன. முதலாவது, தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தப்படும் ஸ்டீராய்டு. அது நரம்பைச் சூழ்ந்த அழற்சியைத் தணிக்கும். பிதுங்கிய தட்டை உள்ளே தள்ளாது. ஆய்வுகள் காட்டும் சராசரிப் பயன் சிறிது, குறுகிய காலத்தது. நீரிழிவு உள்ளவருக்கு அது இரத்தச் சர்க்கரையைச் சில நாள் உயர்த்தவும் கூடும். இரண்டாவது, தட்டுக்குள்ளேயே செலுத்தப்படும் ஓசோன். நடுக்கூழின் நீரைக் குறைத்துத் தட்டைச் சுருக்குவது அதன் நோக்கம். இந்தியாவில் இது செய்யப்படுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமோ ஓசோனுக்கு மருத்துவப் பயன் உண்டென ஏற்கவில்லை. மூன்றாவது, நொதி. பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபப்பெயினை லைமன் ஸ்மித் 1963இல் முதன்முதலாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். 1982இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற அம்மருந்து, கடும் ஒவ்வாமையாலும் நரம்புச் சிக்கல்களாலும் நம்பிக்கை இழந்து, பின்னர் விற்பனையிலிருந்தே நீங்கியது. கோண்டோலியேசு என்னும் வேறொரு நொதிக்கு ஜப்பான் 2018இல் ஒப்புதல் அளித்தது.

ஊசி வீண் என்பது இதன் பொருளன்று. உறக்கத்தையும் நடையையும் கெடுக்கும் வலியை அது தணித்தால், அறுவையின்றிக் காத்திருக்க வழி பிறக்கும். ஆனால் பெரும்பாலோர்க்கு இவ்வலி சில வாரங்களில் தானே தணிகிறது. பிதுங்கிய பகுதியை உடலே கரைத்துக்கொள்வதும் உண்டு. அக்காலத்தில் போட்ட ஊசிக்கே முழுப் புகழும் போய்ச்சேர்கிறது. மாறாக, சிறுநீர் அடைத்தாலோ, இருக்கைப் பகுதி மரத்தாலோ, கால் வலுவிழந்து வந்தாலோ, ஊசியை நம்பிக் காத்திருப்பது பேரிடர்.

விவரம் சொன்னால் நோயாளி அஞ்சுவார் என்பர் சிலர். சிகிச்சையின் தன்மை, பயன், இடர், மாற்றுவழி ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்து தருவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008இல் தெளிவுபடுத்தியது. ஒப்புதல் தாளைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிடுவது மட்டும் இதற்குப் போதாது. அதில் ‘ஊசி’ என்று மட்டும் இருந்தால் எம்மொழியிலும் அது வெற்றுத்தாளே. எந்த மருந்து, எவ்விடத்தில், எத்தனை நாள் பயனுக்கு, போடாவிட்டால் என்ன ஆகும் என்னும் நான்கு விடைகள் பேச்சுவழக்கில் அதில் வேண்டும்.

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் ஒரே ஊரில் உள்ளன. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997 முதல் இருக்கிறது. கலைச்சொல் அகராதிக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை மொழித்துறைகள் இந்த ஒரு தாளுக்குத் தந்தால், அதன் பயனை நோயாளி அன்றே அடைவார்.