உழுமுன் பார்க்க வேண்டிய கணக்கு



‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பார்கள் நம் பெரியவர்கள். இதைக் கேட்டுக் கேட்டே நம்மில் பலர் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். உழுத பிறகு பார்த்து என்ன பயன்? உழுமுன் பார்த்தால் மிஞ்சுமா மிஞ்சாதா என்பது ஓரளவு தெரிந்துவிடுமே!

பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்தவர்கள் 55 வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். மண்ணோடு பழகிய கை சும்மா இருக்காது. “நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போடுங்கள். நாங்களே வாங்கிக்கொள்கிறோம், விலையும் இப்போதே பேசிவிடலாம்” என்று ஒருவர் வந்து சொன்னால் மனம் ஆசைப்படத்தான் செய்யும். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் விலையை முன்கூட்டிப் பேசினால் விலை விழும் பயம் ஒன்றுதான் நீங்கும். விளைச்சல் குறைந்தாலும், உர விலை ஏறினாலும், சரக்கு எடுக்க லோரி வராவிட்டாலும் சுமை உங்கள் தலையில்தான்.

ஓர் ஏக்கர் இனிப்புச் சோளத்தை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் விட்டு நட்டால் ஏறக்குறைய 21,500 செடிகள் நிற்கும். செடிக்கு ஒரு கதிர் என்று பெருக்கிக் காட்டி ஆசை மூட்டுவார்கள். முளைக்காதது, புழு தின்றது, மணி பிடிக்காதது எல்லாம் போக மீதிதான் உங்கள் கைக்கு வரும்.

கணக்குப் பழகுவதற்காகச் சில தொகைகளை நாமே வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். குத்தகை 400 வெள்ளி, உழவு 500, விதை 900, உரம் 1,600, மருந்து 500, லோரி வாடகை 600, ஆள் கூலி 1,500. மொத்தம் 6,000 வெள்ளி. ஆள் கூலியில் உங்கள் வீட்டார் உழைப்புக்கும் கூலி போட வேண்டும். வீட்டு ஆள்தானே என்று விட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

கதிருக்கு 50 காசு என்று ஒப்பந்தம். அப்படியானால் முதல் 12,000 கதிரும் செலவுக்கே போய்விடும். அதற்கு மேல் வருவதுதான் உங்களுடையது. 16,000 கதிர் தேறினால் 2,000 வெள்ளி மிச்சம். அந்த 16,000 கதிரில் நான்கில் ஒரு பங்கை ‘சிறுத்துவிட்டது’ என்று வாங்குபவர் தள்ளிவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. 10,000 கதிர்தான் தேறியது என்றால் 1,000 வெள்ளி நட்டம்.

இவை வெறும் பயமுறுத்தல் அல்ல. 2019-ஆம் ஆண்டில் படைப்புழு நம் நாட்டுச் சோளக் காடுகளில் புகுந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, கேமரன் மலையில் அறுத்த காய்கறிகளை அனுப்ப வழியில்லாமல் கொட்டினார்கள். 2020-இல் உலகச் சந்தையில் டன் சராசரி 230 டாலர் அளவில் இருந்த யூரியா, 2022 ஏப்ரலில் 900 டாலரைத் தாண்டியது. பேசிய விலை அப்படியே நிற்க, உரச் செலவு மட்டும் ஏறினால் உங்கள் மிச்சம் எங்கே போகும்?

ஆகவே கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேளுங்கள். கதிரைத் தரம் பிரிப்பது உங்கள் காட்டிலா, அவர்கள் கொட்டகையிலா? காட்டிலேயே, உங்கள் கண்முன் பிரிப்பதுதான் நல்லது. ஒடித்த நாளிலிருந்தே சோளத்தின் இனிப்புக் குறையத் தொடங்கும். லோரி வரத் தாமதமானால் நட்டம் யாருக்கு? பணம் எத்தனை நாளில் வரும்? விதையும் உரமும் அவர்களே கடனாகக் கொடுத்தால், கடை விலையா, கூடுதல் விலையா? பயிர் அழிந்தால் அந்தக் கடன் நிற்குமா, நீங்குமா? பதில்களைத் தாளில் எழுதச் சொல்லி, ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு அறுவடை வரைக்கும் நிற்காது.

நிலத்தையும் விசாரியுங்கள். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். ‘டி.ஓ.எல்.’ என்கிற தற்காலிக உரிம நிலம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்த உரிமம் ஆண்டு முடிவோடு காலாவதியாகிவிடும்; வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அதை வைத்திருப்பவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, நாளை அவர் போகச் சொன்னால் உங்கள் கையில் என்ன இருக்கும்?

ஒரே நாளில் முழு ஏக்கரையும் நட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் ஏக்கராக நட்டால், ஒரு மழையோ ஒரு லோரியோ எல்லாவற்றையும் கெடுத்துவிடாது. சோளம் எழுபது நாளுக்குச் சற்று மேல் ஆனதும் ஒடிக்கக்கூடிய பயிர். முதல் கால் ஏக்கரின் பணம் சொன்னபடி வந்ததா என்று பார்த்த பிறகு அடுத்த போகத்தைப் பெரிதாக்கலாம்.

சகோதரிகளே, மாதச் சம்பளத்தில் மளிகைக் கடன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கூட்டுப் பணம் எல்லாவற்றையும் சமாளித்துப் பழகியவர்கள் நீங்கள். கணவரோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் மூன்று கணக்கு எழுதுங்கள்: நல்ல விளைச்சல், நடுத்தரம், மோசம். மோசமான கணக்கில் வரும் நட்டத்தைத் தாங்கியும் வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளை பள்ளிக்குப் போகும் என்றால் துணிந்து இறங்குங்கள். இல்லையென்றால் அரை ஏக்கரோடு தொடங்குங்கள். சேமநிதி முழுவதையும் மண்ணில் போடாதீர்கள்; போதாததற்கு வட்டி முதலைகளின் வாசலுக்கும் போகாதீர்கள். சோளம் தவறினால் அடுத்த போகம் உண்டு. முப்பது வருட உழைப்பில் சேர்ந்த பணம் தவறினால் அதை மறுபடி சேர்க்க நமக்கு வயது இல்லை.