வளரும் பிள்ளைக்கு வளர்ந்த வண்டியா?



கட்டுரைப் பயிற்சியும் இலக்கணக் குறிப்புகளும் எழுதிவந்த இடத்தில் இன்று ஏ.டி.வி. என்னும் நாற்சக்கர மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைக்கு இந்த வண்டி ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். இதை எழுதும் கடன் எனக்கு இருக்கிறது.

சென்ற ஆண்டு என் வகுப்பில் படித்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், 'நான் பெற்ற பரிசு' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினான். பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்த 250 சிசி ஏ.டி.வி.யே அந்தப் பரிசு. அதன் சிவப்பு நிறம், உறுமல், கிள்ளானுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் அது கிளப்பிய புழுதி என எல்லாவற்றையும் ஆசைதீர வருணித்திருந்தான். "வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் கால்கள் தொங்கின. நான் யானைப்பாகனைப் போல் இருந்தேன்" என்றும் எழுதியிருந்தான். அந்த உவமைக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டு 'அருமை' என்று எழுதினேன். வல்லினம் மிகவேண்டிய இரண்டு இடங்களைத் திருத்தினேன். நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தேன். கால்கள் தொங்கின என்பதைப் படித்தவள், அதன் பொருளைப் படிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் நாற்காலி காலியாக இருந்தது. பாதை வளைந்த இடத்தில் வண்டி வளையவில்லை. தோட்டத்து அல்லூரில் கவிழ்ந்து அவன் மேலேயே விழுந்தது. தொடை எலும்பும் காறை எலும்பும் முறிந்தன. மூன்று மாதத்திற்குப்பின் ஊன்றுகோலோடு வகுப்புக்கு வந்தான். இன்று நடக்கிறான், ஓடுவதில்லை.

அவன் தந்தையார் நல்ல மனிதர். பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்காதவர். மருத்துவமனையில் அவர் என்னிடம் சொன்னார்: "வளர்ற புள்ள டீச்சர். சின்னதா வாங்குனா ரெண்டு வருசத்துல பத்தாமப் போயிடும். கொஞ்சம் பெருசா வாங்குனா நானும் ஓட்டலாம், அவனும் ஓட்டலாமேனு நெனச்சேன்."

என் சண்டை அந்தத் தந்தையோடு அன்று, இந்த நினைப்போடுதான். நம் வீடுகளில் இது ஊறிப்போன நினைப்பு. பள்ளிக் காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்கி நுனியில் பஞ்சு திணிக்கிறோம். சீருடையை இறக்கித் தைத்து, ஆண்டுதோறும் மடிப்பைப் பிரிக்கிறோம். சிக்கனம் நல்லதுதான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் பெரிய காலணி பிள்ளையைத் தடுக்கி விழச்செய்யும், அவ்வளவே. பெரிய ஏ.டி.வி. பிள்ளையின் மேல் விழும்.

"நாங்க எல்லாம் அப்பா சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் குரங்குப் பெடல் போட்டவள்தான். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில், என் தலைக்கு மேல் கைப்பிடி உள்ள சைக்கிளில், சட்டத்திற்கு அடியில் ஒரு காலை நுழைத்து ஓட்டிய முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. தழும்போடு போயிற்று என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. அந்தச் சைக்கிளின் எடை இருபது கிலோ இருந்தால் அதிகம். அதற்கு இயந்திரம் இல்லை. விழுந்தால் பக்கத்தில் விழும். 250 சிசி ஏ.டி.வி. சுமார் 200 கிலோ எடையுள்ளது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் எடை என்ன? முப்பது, முப்பத்தைந்து கிலோ. ஆறு மடங்கு எடையுள்ள ஒன்றைக் குரங்குப் பெடலோடு ஒப்பிடுவது எந்தக் கணக்கு?

'நான்கு சக்கரம் இருக்கிறதே, கவிழாது' என்பது அடுத்த மூடநம்பிக்கை. மோட்டார்சைக்கிள் வளைவில் தானே உள்பக்கம் சாயும். ஏ.டி.வி. அப்படிச் சாயாது. அது குட்டையான, அகலம் குறைந்த, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டி. வளைவில் அது வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். ஓட்டுபவர்தான் இருக்கையில் நகர்ந்து தம் உடல் எடையை உள்பக்கம் சாய்த்து அதைப் பிடித்து நிறுத்தவேண்டும். மேலும் பல வண்டிகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். ஓட முடியாததால், கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேரே தள்ளிக்கொண்டு போகும். எழுபது கிலோ ஆள் உடலைச் சாய்த்தால் வண்டி அவர் சொல் கேட்கும். முப்பது கிலோ பிள்ளை சாய்ந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. அந்த வளைவில் நடந்தது இதுதான். அவன் கைப்பிடியைத் திருப்பித்தான் இருந்தான்.

முடுக்கியைப் பற்றியும் ஒரு சொல். மோட்டார்சைக்கிளில் அதை முறுக்கவேண்டும், ஏ.டி.வி.யில் பெரும்பாலும் கட்டைவிரலால் அழுத்தவேண்டும். பயந்த பிள்ளை என்ன செய்யும்? கைப்பிடியை இறுகப் பற்றும். பற்றும்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுந்தும். வண்டி நிற்கவேண்டிய கணத்தில் பாயும்.

இதெல்லாம் உலகம் அறியாத செய்தியன்று. ஹோண்டா நிறுவனம் 1970இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டியை விற்கத் தொடங்கியது. மூன்று சக்கரத்தில் கவிழ்ந்து மாண்டவர்களும் ஊனமானவர்களும் பெருகவே, 1988இல் அந்நாட்டு அரசோடு செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி நிறுவனங்கள் மூன்று சக்கர வண்டி விற்பனையை நிறுத்தின. 90 சிசிக்கு மேற்பட்ட வண்டியைப் பதினாறு வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டன. பின்னர் அளவுகோல் சிசியிலிருந்து வேகத்திற்கு மாறியது: ஆறு வயதுப் பிரிவு வண்டி மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, பத்து, பன்னிரண்டு வயதுப் பிரிவுகள் சுமார் 48ஐத் தாண்டக்கூடாது. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகமோ, பதினாறு வயதுக்குக் கீழ் யாருக்குமே ஏ.டி.வி. வேண்டாம் என்கிறது.

என் கட்சி மருத்துவர் கட்சி. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு இந்த வண்டியைச் சொந்தமாக வாங்கித் தராதீர்கள். இப்படிச் சொன்னால் கேட்பவர் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும். கேளாதவர்கள் இதையாவது கேளுங்கள்: கடைக்குப் போகும்போது பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள், திடீர்ப் பரிசாக வாங்காதீர்கள். இயந்திரம் ஓடாத வண்டியில் அவனை ஏற்றி, மிதிபலகையின் மேல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். இருக்கைக்கும் அவன் காற்சட்டைக்கும் நடுவே மூன்று அங்குலமாவது இடைவெளி இருக்கவேண்டும். உட்கார்ந்தால் பாதம் மிதிபலகையில் முழுதாகப் பதியவேண்டும். கைப்பிடியை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிய நிலையிலும் விரல் பிரேக்கை எட்டவேண்டும், கட்டைவிரல் முடுக்கியை எட்டவேண்டும், முழங்கை சற்று மடங்கியே இருக்கவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த வண்டி அவனுக்குரியதன்று. கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் சரி.

சிறுவர் வண்டி என்று பெயர் ஒட்டியதெல்லாம் சிறுவர் வண்டியும் அன்று. இணையச் சந்தைகளில் 110, 125 சிசி வண்டிகள் கார்ட்டூன் படத்தோடு விற்கப்படுகின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு முடுக்கியில் இருக்கிறதா? பிள்ளையின் உடையில் கோத்துக்கொள்ளும் கயிறு, அவன் விழுந்தவுடன் இயந்திரத்தை நிறுத்துகிறதா? முடுக்கியை விட்டவுடன் அது தானே திரும்புகிறதா? வாங்குவதற்கு முன்பு இவற்றைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் பொருளா இது?

தந்தைமார் தங்களுக்கென்று வாங்குவதை நான் தடுக்கவில்லை. நாள் முழுதும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வெந்து தணிந்தவர் ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையில் சேறு பூசிக்கொண்டு திரும்பினால், வீட்டிலுள்ளோர்க்கும் நிம்மதிதான். கெமென்சாவில் ஒருமுறை நானும் வாடகை வண்டி ஓட்டியிருக்கிறேன். ஓடையைக் கடந்தபோது என் கூச்சலைக் கேட்டு என் பிள்ளைகள் இன்றும் சிரிக்கிறார்கள். முதல் வண்டி வாங்குபவர் அப்படி இரண்டு மூன்று முறை வாடகைக்கு ஓட்டிப் பார்த்தபின் வாங்குவதே அறிவுடைமை. பந்தய வகை இலேசானது. ஆனால் கியரும் கிளச்சும் புதியவர் கவனத்தைத் தின்றுவிடும். தோட்ட வேலைக்குரிய கனத்த வகை சேற்றில் பொறுமையாக ஏறும். கவிழ்ந்தால் தனியாளால் தூக்க முடியாது. தானியங்கிக் கியர் உள்ள, நடுத்தர எடையுள்ள வண்டியே தொடங்குபவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஒருவர் அமரும் வண்டி என்றால் ஒருவர்தான். கப்சாயில் பிள்ளையை முன்னால் நிற்க வைத்து ஓட்டும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். முன்னால் பிள்ளை இருந்தால் நீங்கள் உடலைச் சாய்க்க முடியாது. மகனுக்குத் தலைக்கவசம் அவன் தலையளவில் வாங்குங்கள். அதிலும் 'வளரும் தலை' என்று பார்க்காதீர்கள்.

வாங்கிய வண்டியை எங்கே ஓட்டுவது என்பதையும் யோசித்தாகவேண்டும். தோட்டத்துப் பாதை தனியார் நிலம். நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். தார்ச்சாலையோ கூடவே கூடாது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு பெறாத மோட்டார் வாகனம் சாலைக்கு வரக்கூடாது. பதினாறு வயது நிரம்பாதவர் எந்த மோட்டார் வாகனத்தையும் சாலையில் ஓட்டக்கூடாது. மோட்டார்சைக்கிள் அல்லாத வண்டிக்குப் பதினேழு வயது. சட்டம் கிடக்கட்டும் என்பவர்களுக்கு இன்னொன்று: இவ்வண்டியின் டயரில் காற்றழுத்தம் ஐந்து பி.எஸ்.ஐ. அளவே இருக்கும், மகிழுந்து டயரில் முப்பதுக்கு மேல். சேற்றுக்காகத் தொளதொளவென்று செய்யப்பட்ட அந்த டயர் தாரில் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று யாராலும் சொல்லமுடியாது. 'முச்சந்திக் கடைவரைக்கும்தானே' என்று பிள்ளையை அனுப்புகிறவர்கள் என் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

ஆசிரியர்களையும் சும்மா விடுவதாக இல்லை. சில மாதங்களுக்கு முன் பிரிக்பீல்ட்சில், துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடையில் தேநீர் அருந்தும்போது, நண்பர் ஒருவர் தம் பள்ளியின் விடுமுறை முகாமில் ஏ.டி.வி. ஓட்டுவதையும் சேர்த்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார். எந்த அளவு வண்டி என்று கேட்டேன். தெரியவில்லை. பிள்ளைகளின் அளவில் தலைக்கவசம் உண்டா என்றேன். "பெற்றோர் எல்லாம் பாரத்தில் கையொப்பம் போட்டுவிட்டார்கள்" என்றார். அந்தப் பாரம் முகாம் நடத்துபவரைக் காக்கும். பிள்ளையின் எலும்பைக் காக்காது. எளியதிலிருந்து கடினத்திற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நமக்குப் பாடம் நடத்தினார்களே, அது வாய்பாட்டுக்கு மட்டும்தானா? முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கையில் ஆறாம் ஆண்டுப் பாடநூலைக் கொடுத்து 'வளரும் பிள்ளைதானே' என்பாரா என் நண்பர்? அவர் கோபித்துக்கொண்டார். முகாம் நடந்ததா, அந்த அங்கம் நீக்கப்பட்டதா என்று எனக்கு அவர் சொல்லவில்லை.

என் மாணவனின் வண்டி பழுது பார்க்கப்பட்டு, துணி போர்த்தி வீட்டுப் பின்புறம் நின்றது. சென்ற மாதம் அவன் தந்தையார் அதை விற்க விளம்பரம் செய்தார். முதலில் வந்தவர் தம் மகனையும் கூட்டி வந்திருந்தாராம். இரண்டாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை. இருக்கையில் ஏற்றி உட்கார வைத்துக் கைப்பேசியில் படமும் பிடித்தாராம். இவர் அந்தப் பிள்ளையை மிதிபலகையில் எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு, "வண்டி விக்கிறதா இல்லைங்க" என்று சொல்லித் துணியை மறுபடியும் இழுத்துப் போர்த்திவிட்டாராம்.