கர்ப்பப்பையும் கர்ம வினையும்

ஒரு பெண்ணுக்குக் கலியாணமாகி நாலு வருஷத்திற்குள் பிள்ளை பிறக்காவிட்டாலும், தரித்த கர்ப்பம் இரண்டு மூன்று தடவை கலைந்துவிட்டாலும், உடனே அவளை மலடி என்கிறார்கள். வயது வந்தும் பூப்படையாத பெண்ணை இருசி என்கிறார்கள். காரணம் கேட்டால் பூர்வ ஜென்ம பாவம், நாக தோஷம் என்கிறார்கள். பரிகாரம் கேட்டால் அரசமரத்தைச் சுற்று, ராமேஸ்வரம் போ என்கிறார்கள். பணமெல்லாம் பாழான பின், அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புருஷனுக்கு வேறு பெண் தேடவும் துணிகிறார்கள். இவர்களில் எவராவது அவள் வயிற்றிலுள்ள உறுப்பு எப்படி உண்டாயிற்று என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா என்று கேட்கிறோம்.

பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போது, அதன் கர்ப்பப்பை முதலில் ஒரு பையாக இருப்பதில்லை. இடமும் வலமுமாக இரண்டு குழாய்களாகவே இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஜோஹன்னஸ் முல்லர் 1830-ல் இவற்றை விவரித்தபடியால் இவை முல்லர் குழாய்கள் எனப்படுகின்றன. மூன்றாம் மாத அளவில் இவற்றின் கீழ்ப்பாகங்கள் ஒன்றாக ஒட்டுகின்றன. பிறகு நடுச்சுவர் கரைந்து ஒரே பையாகிறது. இவ்வேலையில் தடங்கல் ஏற்பட்டால் உருவம் மாறிவிடுகிறது. குழாய்கள் ஒட்டாவிட்டால் கர்ப்பப்பை இரண்டு. அரைகுறையாக ஒட்டினால் இரட்டைக் கொம்பு. ஒரு குழாய் மாத்திரம் வளர்ந்தால் ஒற்றைக் கொம்பு. சுவர் கரையாவிட்டால் நடுவே தடுப்பு. இரண்டுமே வளராவிட்டால் கர்ப்பப்பையே இராது. இது சுமார் 5000 பெண்களில் ஒருவருக்கு நேருகிறது. அவர்களுக்கும் சினைப்பை சரியாகவே இருக்கும், மார்பு வளரும், மாதவிடாய் மாத்திரம் வராது.

பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வெளியான கணக்கின்படி, இம்மாறுதல்களில் ஏதோ ஒன்று நூற்றுக்கு 5 பெண்களுக்குக் குறையாமல் இருக்கிறது. அவர்களில் அநேகர் அது தெரியாமலே பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். அப்படியானால் பாவத்தின் எடைக்குத் தக்கபடி ஒருத்திக்கு ஒற்றைக் கொம்பும், ஒருத்திக்கு இரட்டைக் கொம்பும் பிரம்மா அளந்து கொடுத்தானா? சிறுநீரகமும் பக்கத்திலேயே வளர்வதால் இப்பெண்களில் சிலருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமலும் இருக்கும். ஆண்களிலும் ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறப்பவர்கள் உண்டு. அவர்களை எவராவது பாவி என்று பந்தியிலிருந்து எழுப்புவதுண்டா?

நிற்க, வைத்தியர் சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டியதில்லை. தடுப்புச் சுவரை வெட்டினால் பிள்ளை தங்கும் என்று வெகுகாலம் வெட்டினார்கள். 80 பெண்களை வைத்துச் சோதித்து 2021-ல் வெளியான முடிவில், வெட்டிக்கொண்டவர்களுக்கு அதிகமாகப் பிள்ளை பிறக்கவில்லை. ஆகவே கத்தி வைக்குமுன் காரணம் கேட்கவேண்டும். அதே வைத்தியம்தான், கர்ப்பப்பையே இல்லாமல் பிறந்த ஒரு பெண்ணுக்கு வேறொருவரின் கர்ப்பப்பையைப் பொருத்தி, 2014-ல் ஸ்வீடனில் குழந்தை பிறக்கச் செய்தது. எந்த அரசமரமும் இதைச் செய்ததில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். 15 வயதாகியும் பெண் பூப்படையாவிட்டால் ஜோசியனிடம் போகாமல் வைத்தியரிடம் போங்கள். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். பிள்ளை இல்லையென்றால் புருஷனையும் சேர்த்தே சோதியுங்கள். எது எப்படியிருந்தாலும், தாய் வயிற்றில் மூன்றாம் மாதத்தில் நடந்த ஒரு காரியத்திற்காக ஒரு பெண்ணை வீட்டை விட்டுத் துரத்துவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? பிள்ளை பெற்றால்தான் பெண்ணுக்கு மதிப்பு என்னும் எண்ணம் ஒழிகிறவரை இக்கொடுமை ஒழியாதென்பதே நமது அபிப்பிராயம்.