மஞ்சள் கடுதாசிக்குப் பின்னும் ஒரு வீடு

"அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று சொன்னால் நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கடனை அடைக்க வழியின்றி, நீதிமன்றத்தில் நொடிப்பு மனு கொடுத்தவர் என்பது பொருள். கடன் ஒருநாள் முடிந்தாலும் அந்தப் பேச்சு மட்டும் அவரை விடுவதில்லை. இன்று அதைவிட அதிகமாக நம் காதில் விழுவது ‘சிபில்’ என்ற மூன்றெழுத்துச் சொல். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவரிடம் முதலில் பார்க்கப்படுவது இதுதான்.

சிபில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கடன் தகவல் நிறுவனம். இன்று எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்பவற்றோடு சேர்த்து இத்தகைய நிறுவனங்கள் நான்கு உள்ளன. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை எல்லாம் அங்கே பதிவாகின்றன. அவற்றிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் தரப்படுகிறது. தவணை எத்தனை நாள் தவறியது என்பது அந்தப் பதிவில் இருக்கும். ஏன் தவறியது என்பது இருக்காது.

கடலூர் மாவட்டத்து மக்களுக்கு இந்த ‘ஏன்’ மிகவும் முக்கியமானது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் முதலிய கடலோர ஊர்களைச் சூறையாடியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று நட்டு, அது நல்ல காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். தவணைத் தேதியோ மாதந்தோறும் வந்துவிடும். பிறகு 2015-இன் வெள்ளம், 2020-இன் கொரோனா முடக்கம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் பெருக்கெடுத்த வெள்ளம். இவற்றில் படகையோ தோப்பையோ கடையையோ இழந்து தவணை தவறியவரும், பணம் இருந்தும் ஏமாற்றியவரும் பதிவேட்டில் ஒரே நிறமாகத் தெரிகிறார்கள். இது நியாயமா?

இதற்கு விலையும் உண்டு. 10 லட்ச ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 8.5 விழுக்காடு வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,680 ரூபாய். மதிப்பெண் குறைவு என்பதால் அதையே 12 விழுக்காட்டிற்கு வாங்க நேர்ந்தால் சுமார் 11,010 ரூபாய். இருபது ஆண்டுகளில் வேறுபாடு ஏறத்தாழ ஐந்தரை லட்சம்! யார் நலிந்தவரோ அவரே அதிகம் கட்டுகிறார். வங்கி மறுத்துவிட்டால் அடுத்து நிற்பது கந்துவட்டிக்காரரின் வாசல். அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்க 2003-இலேயே தமிழகத்தில் சட்டம் வந்தும் அந்த வாசல் மூடப்படவில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதை அறிந்தவர்கள் நம்மிடையே குறைவு.

முதலில், நம் பதிவை நாமே பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2017 முதல் நடைமுறையில் உள்ளது. அடைத்த கடன் அடையாததாகக் காட்டப்படலாம். நாம் ஜாமீன் கையெழுத்திட்ட அடுத்தவர் கடனும் நம் பெயரில் நிற்கலாம். தவறு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

அடுத்து, ‘செட்டில்மெண்ட்’ என்ற சொல்லில் கவனம் தேவை. பாதியைக் கட்டி மீதியைத் தள்ளுபடி பெற்றால் கடன் தொல்லை தீரும். ஆனால் பதிவில் அது முழுமையாக அடைந்த கடனாக இராது. முடிந்தால் மீதியையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, பதிவைத் திருத்தச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சிறு கடனை, நகைக் கடனாக இருந்தாலும், ஒழுங்காகக் கட்டி வந்தால் மதிப்பெண் மெல்ல உயரும். காசு வாங்கிக்கொண்டு சிபிலை அழித்துத் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

இதுவரை கடனே வாங்காதவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. முன்பு கடன் வாங்கிய வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. 2025 ஆகஸ்டில் நடுவண் அரசும் இதை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தது.

இவை தனி மனிதர் செய்யக்கூடியவை. அரசு செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. 2016-இன் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் ஏழைகளுக்கென ‘புதிய தொடக்கம்’ என்ற பகுதி இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும் கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாத, சொந்த வீடு இல்லாத ஒருவர் கடனிலிருந்து விடுபட அது வழி சொல்கிறது. பெரிய நிறுவனங்களுக்கான பகுதி 2016 டிசம்பரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பல நூறு கோடிக் கடன்கள் அதன்படி குறைத்துத் தீர்க்கப்பட்டு, நிறுவனங்கள் மறுவாழ்வு பெற்றுள்ளன. ஏழைகளுக்கான பகுதியோ இன்னும் ஏட்டில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தில் நொடித்துப் போகும் எளியவருக்கு இன்றும் ஆங்கிலேயர் காலத்து 1920-ஆம் ஆண்டுச் சட்டமே கதி.

ஏழாம் ஆண்டில் கடனிலிருந்து விடுதலை தரச் சொல்கிறது இணைச்சட்ட நூலின் 15-ஆம் அதிகாரம். நம் கடன் தகவல் நிறுவனங்களோ பதிவுகளைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. அங்கே ஏழு ஆண்டுகள் என்பது கடன் சுமைக்கு ஒரு முடிவு. இங்கே அது நினைவில் வைத்திருக்கும் காலத்தின் கீழ் எல்லை. கொடுத்த கடனைக் கேட்பது குற்றமல்ல. வங்கியில் இருப்பதும் மக்களின் சேமிப்புதான். ஆனால் பேரிடரால் விழுந்தவரையும் ஏமாற்றியவரையும் பிரித்துப் பார்ப்பது சலுகை அல்ல, நீதி.

புயல் ஓய்ந்ததும் நாம் அரிசியும் போர்வையும் கொடுக்கிறோம். அது நல்லது. அதோடு, அந்த மாதத் தவணைக்கு அவகாசம் கேட்டு வங்கிக்கு எழுத ஒருவருக்குத் துணை நின்றால், சில ஆண்டுகள் கழித்து அவர் வீடு கட்டப் போகும்போது அந்த உதவியின் அருமை தெரியும். நம் ஊர்களில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். கடன் அறிக்கையை எடுத்துப் படித்துச் சொல்லவும், புகார் எழுதித் தரவும் அவர்கள் முன்வரலாமே! விழுந்தவரைக் கணக்கு நினைவில் வைத்திருக்கட்டும். எழுந்து நிற்க அவருக்குக் கை கொடுப்பது நம் கடமை.