பழைய மூட்டைகளைக் கழிக்க வேண்டாம்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்துக்கு,

உசிலம்பட்டி, சேடபட்டி, திருமங்கலம் வட்டாரத்துக் காவல் நிலையங்களின் பழைய பதிவேடுகளைப் பற்றியது இந்த மடல். காலக்கெடு முடிந்த தாள்களைக் கழித்துவிட உங்கள் நிலையாணைகளே இடம் தருகின்றன. ஸ்டேஷன் புதுக் கட்டடத்துக்கு மாறும்போது முதலில் வெளியே போவதும் அந்த மூட்டைகள்தான். ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு அலமாரியில் இடம் வேண்டும். உள்ளே என்ன இருக்கக்கூடும் என்று அவரிடம் யாரும் சொன்னதுமில்லை.

1871-இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் ஊர்களில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். ஆண்களின் பெயரும் விரல் ரேகையும் பதிவேட்டில் ஏறின. இரவில் போலீஸ் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். திருடினான் என்று யாரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, அந்தச் சாதியில் பிறந்திருந்தால் போதும். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். பிரமலைக் கள்ளருக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் ரோசாப்பு துரை என்று இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்க 1947 ஆயிற்று.

இத்தனைக்கும் போலீஸ் வருவதற்கு முன்பு பல ஊர்களில் காவல் பார்த்தவர்களே இவர்கள்தான். ஊர் காவல்கூலி கொடுக்கும். மாடு காணாமல் போனால் மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ காவல்காரர் பொறுப்பு. துப்புக்கூலி வாங்கிக்கொண்டு களவு மாட்டைத் திருப்பித் தந்த கதைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த புதிய போலீஸுக்கு இந்த ஊர்க்காவல் போட்டியாகத் தெரிந்தது. யார் காவலர், யார் களவாளி என்ற கணக்கு அதன் பிறகு தலைகீழானது.

ரேகைச் சட்டம் பற்றிய மேல்மட்டக் காகிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவை துரைமார் துரைமாருக்கு எழுதிக்கொண்டவை. எந்த வீட்டுப் பையன் எந்த இரவு ஆஜராகவில்லை, சீட்டில்லாமல் சந்தைக்குப் போனவன் என்ன ஆனான் என்பதெல்லாம் ஸ்டேஷன் ஏட்டில்தான் கிடைக்கும். பெருங்காமநல்லூர் நினைவுத் தூணில் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களைத் துரத்திய பதிவேடுகள் எங்கே?

இது பழங்கதை மட்டுமல்ல. போலீஸ் கண்காணிக்க வேண்டியவர்கள் என்று கருதுவோருக்கு ஒவ்வொரு நிலையமும் இன்றும் சரித்திரப் பதிவேடு வைத்திருக்கிறது. பின்தங்கிய சமூகத்தினர், சீர்மரபினர் (குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள்) பெயர்களை இயந்திரம்போல் அதில் ஏற்றும் பழக்கத்தை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கண்டித்து, மாநிலங்கள் தங்கள் விதிகளை மறுபார்வையிடச் சொன்னது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் இளம் உதவி ஆய்வாளருக்குக் காட்ட வேண்டிய காகிதத்தைத்தான் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

துறைக்கு இதில் சங்கடம் இருக்கும், தெரியும். இருந்தாலும் அந்தப் பதிவேடுகளை எழுதியவர்கள் இன்றைய காவலர்கள் அல்ல. அழித்தால்தான் பழி இவர்கள் மேல் விழும். பேரப்பிள்ளைகளுக்கு அவமானம் வரும் என்ற தயக்கம் இன்னும் நியாயமானது. அதற்கு, பெயர்களை மறைத்து ஆய்வாளர்களுக்குத் தரலாம். தன் தாத்தாவின் ஏட்டைக் கேட்டு வரும் குடும்பத்துக்கு மட்டும் முழுதாகக் காட்டலாம்.

எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகத்தைக் காவல் அருங்காட்சியகம் ஆக்கினீர்கள், நல்ல காரியம். அதில் நூறில் ஒரு பங்கு செலவுகூட இதற்கு ஆகாது. முதலில் ஒரு சுற்றறிக்கை போதும்: 1947-க்கு முந்தைய எந்தத் தாளையும் மறு உத்தரவு வரை கழிக்கக் கூடாது. பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்ட நிலையங்களில் என்ன மிச்சமிருக்கிறது என்று ஒரு பட்டியல். பட்டியல் எடுக்க ஆவணக் காப்பக ஊழியர் ஒருவரும் அந்தந்த ஊர்ப் பெரியவர் ஒருவரும் ரைட்டரோடு உட்காரட்டும். செல்லரித்த மூட்டை என்றாலும் அவர்கள் பிரித்துப் பார்த்த பிறகே குப்பைக்குப் போகட்டும்.