ஒரு கப் 250 கிராம் ஆகாது

தீபாவளி நெருங்கினால் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் புலனக் குழுக்களில் ஒரு கணக்கு சுற்ற ஆரம்பித்துவிடும்: ஒரு கப் 250 கிராம், அரைக் கப் 125. மாவுக்கும் அதே கணக்கு, சீனிக்கும் அதே, நெய்க்கும் அதே. ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்கிறவர்கள்கூட இதை நம்பித்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். இது அப்பட்டமான தவறு. மாவு விஷயத்தில் ஏறக்குறைய இரு மடங்குத் தவறு.

250 என்பது கப்பின் கொள்ளளவு, மில்லிலிட்டர். அது அப்படியே கிராமாவது தண்ணீருக்குத்தான். அதே கப்பில் கோதுமை மாவைத் தளர்வாகப் போட்டுத் தலைதட்டினால் 130 கிராம் சுற்றி வரும். அமுக்கி அள்ளினால் 150-ஐத் தாண்டும். சீனி 200-க்குச் சற்று மேல், உருக்கிய நெய் 230-க்குள், தேனோ 350. கப்பும் ஒரே கப்பா என்றால் அதுவும் கிடையாது. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லிலிட்டர், ரைஸ் குக்கரோடு வருவது 180. நம் வீடுகளில் புழங்கும் டின் பால் டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். 500 கிராம் என்று அதில் அச்சிட்டிருப்பது உள்ளே இருந்த பாலின் எடை. அந்தப் பால் தண்ணீரைவிடக் கனம். டின்னோ 400 மில்லிலிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும். அதில் மாவை நிரப்பி “அரைக் கிலோ” என்றால் பாதிக்கும் மேல் துண்டு விழும்.

நெய் பிஸ்கட்டில் இது உடனே தெரியும். இரண்டு கப் மாவு என்ற குறிப்புக்கு 500 கிராம் நிறுத்துப் போட்டால் உருண்டை பிடிக்கவே வராது, கைக்குள் உதிரும். 500 கிராம் என்ற குறிப்புக்கு இரண்டு கப் அள்ளினால் நெய் மிஞ்சி, தட்டு முழுக்கப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஆத்திரம் வருவது இதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்துத்தான். “உனக்குக் கைராசி இல்லை” என்று பலகாரம் சுட்ட பெண்ணிடம் வீட்டில் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணும் அதை நம்பி, அடுத்த வருஷம் கடையில் வாங்கிவிடுகிறாள். கணக்கைப் பரப்பியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ரப்பர் தோட்டங்கள் இருந்த இந்த மண்ணில் இப்படி நடப்பது இன்னும் வேதனை. ரப்பர் காலத்தில் வாளியில் வந்த ரப்பர் பாலை அளந்ததோடு தோட்டக் கிராணி விட்டுவிடவில்லை. பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்கவிட்டுப் பார்த்தார். பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு சுற்றித்தான். மழைத் தண்ணீர் கலந்தால் அதுவும் குறையும். வாளி நிறைந்திருந்தாலும் காய்ந்த ரப்பரின் எடை இறங்கிவிடும். கூலி அந்த எடையையும் பொறுத்தது என்பதால் மெட்ரோலாக் காட்டும் எண் ஒவ்வொரு பால்வெட்டுக் குடும்பத்துக்கும் சோற்றுப் பிரச்சினை. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கப்பையும் கிராமையும் ஒன்றாக்கலாமா? முகத்தல் அளவை வேறு, நிறுத்தல் அளவை வேறு என்று வாய்ப்பாட்டிலேயே பிரித்துவைத்த சமூகம் நாம்.

“பாட்டி தராசு வைத்தா சுட்டாள்?” என்று கேட்கிறார்கள். பாட்டி ஒரே தம்ளரில் மாவையும் சீனியையும் நெய்யையும் அளந்தாள். தம்ளர் எந்த அளவாக இருந்தாலும் விகிதம் மாறாது. அவள் அதைக் கிராமாக மாற்றி யாருக்கும் எழுதி அனுப்பவில்லை. நாம் ஊர் முழுக்க அனுப்புகிறோம், ஆனால் பாட்டியின் தம்ளர் கூடவே போவதில்லை. ஆகவே குறிப்பு எழுதுகிறவர்கள் எடையை எழுதியே ஆக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இதில் எந்தச் சாக்கும் இல்லை.

மின்தராசு இன்று 30 ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. வாங்க முடியாதவர்கள் தங்கள் கப்பை மளிகைக் கடைக்கு எடுத்துப்போய் ஒருமுறை நிறுத்துப் பார்க்கட்டும். கோதுமை மாவு, அரிசி மாவு, கடலை மாவு, சீனி எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்து, வரும் எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை அந்த 250 கணக்கு குழுவில் வரும்போது, பதிலுக்கு இந்த எண்களைப் போடுங்கள்.