பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போகலாமா?

என் பேரனுக்கு எட்டு வயது. மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் மேட்சை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "அந்தக் கூட்டத்துக்கெல்லாம் அவனைக் கூட்டிட்டுப் போகாதீங்க மாமா. டிசம்பர்ல நடந்ததை டிவியில பார்த்தீங்க இல்ல?" என்று மருமகள் கேட்டாள்.

அவள் சொன்னது 2025 டிசம்பர் 13-ஆம் தேதி சால்ட் லேக் ஸ்டேடியத்தில் நடந்த கூத்தை. மெஸ்ஸியைப் பார்ப்பதற்காக ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஜனங்கள் வந்திருந்தார்கள். பிரமுகர்கள் சூழ வந்தவர் சிறிது நேரத்தில் போய்விட்டார். பிறகு பாட்டில்கள் பறந்தன, நாற்காலிகள் பறந்தன. அன்று நடந்தது ஒரு மேட்ச் கூட இல்லை. ஏமாந்தவர்களின் கோபம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் அப்பா நாற்காலியைப் பிய்த்து எறிவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை அன்று எதைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும்?

மருமகளின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். இந்த ஊரில் அந்தப் பயத்துக்குப் பழைய காரணம் உண்டு. 1980 ஆகஸ்டு 16. ஈடன் கார்டனில் இதே இரண்டு கிளப்புகளின் லீக் ஆட்டம். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டது கேலரிக்குப் பரவியது. கல்லெறி, அடிதடி, தப்பித்து ஓடும் அவசரம். பந்தாட்டம் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை. இன்றும் அந்த நாளைக் கால்பந்து ரசிகர் தினம் என்று சொல்லி, இறந்தவர்கள் நினைவாக ரத்த தானம் செய்கிறார்கள்.

நான் ரயில்வே வேலையாக இந்த ஊருக்கு வந்தது 1984-இல். என்னோடு வேலை பார்த்த வங்காளி நண்பர் ஒருவர், அந்த நாளுக்குப் பிறகு தன் மகனை மைதானத்துக்கு அழைத்துப் போனதே இல்லை என்பார். அப்படி எத்தனையோ அப்பாக்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடும்பஸ்தர்களும் பிள்ளைகளும் ஒதுங்கிக்கொண்டால் கேலரியில் மிச்சம் இருப்பவர்கள் யார்? தடுக்கவோ முகம் சுளிக்கவோ ஆளில்லாத இடத்தில்தான் வாய் நீளும், பிறகு கையும் நீளும். ஆகவே, அழைத்துப் போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அழைத்துப் போகிறவர் முதலில் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக்கில் அன்று 1,31,000 பேருக்கு மேல். பாய்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. ஒன்பது வயது மகனோடு நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஆபீஸ் நண்பர்களின் சகவாசத்தால் நான் ஈஸ்ட் பெங்கால் பக்கம். நடுவர் ஏதோ ஒரு ஃபவுலைக் கவனிக்காமல் விட்டார் என்று சுற்றியிருந்தவர்கள் கத்தினார்கள். நானும் எழுந்து நின்று, வங்காளத்தில் கற்றுக்கொண்ட முதல் கெட்ட வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினேன். மறு வாரம் கேரம் ஆட்டத்தில் தோற்ற என் பையன் அதே வார்த்தையைத் தன் பாட்டியிடம் சொன்னான். பாட்டிக்கு வங்காளம் தெரியாது. எனக்குத் தெரியும். அடிக்கக் கை ஓங்கினேன். "நீங்க சொன்னதுதானேப்பா" என்றான். ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது.

நாம் ஆட்டத்தைப் பார்க்கிறோம். பிள்ளை பாதி நேரம் நம் முகத்தைப் பார்க்கிறது. தோற்றால் அப்பா என்ன செய்கிறார், எதிர்க்கட்சிக்காரனை எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அதற்கு வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்காத பாடம்.

இந்த ஊரில் கட்சி மனப்பான்மை எப்பேர்ப்பட்டது என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். கோட்டி வீடு மோகன் பகான், பாங்கால் வீடு ஈஸ்ட் பெங்கால். ஒரு பக்கம் ஜெயித்தால் இறால், மறு பக்கம் ஜெயித்தால் இலிஷ் மீன். இது வரைக்கும் அழகுதான். ஆனால் 1975 ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகான் 0-5 என்று தோற்றதற்காக ஓர் இளம் ரசிகர் உயிரையே விட்டார். பிறகு 2012 டிசம்பர் 9-ஆம் தேதி, கேலரியிலிருந்து வந்த கல் மோகன் பகான் ஆட்டக்காரர் ரஹீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. இடைவேளைக்குப் பின் அந்த அணி ஆட வரவில்லை. இப்படி உயிரை விடவும் எலும்பை உடைக்கவும் இதில் என்ன இருக்கிறது?

பிள்ளைகளுக்கு நான் ஒரு கதை சொல்வதுண்டு. நாட்டுப் பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களின் அணி என்று பெயர் வாங்கிய ஈஸ்ட் பெங்காலுக்கு, அந்த நாளில் கோல்களைக் குவித்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். பஞ்ச பாண்டவர் என்று இந்த ஊரே அவர்களைக் கொண்டாடியது. சட்டையின் நிறத்துக்கும் பிறந்த மண்ணுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான் என்று பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது?

2024 ஆகஸ்டு 18-ஐயும் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் காரணம் காட்டி டூரண்ட் கோப்பை ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் டாக்டருக்கு நியாயம் கேட்டு, இரண்டு கிளப்புகளின் ரசிகர்களும் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாக நின்றார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நிறச் சட்டைக்காரரின் தோளில் இன்னொரு நிறச் சட்டைக்காரர் ஏறி நின்ற படத்தைப் பேரனுக்குக் காட்டினேன். "இவங்க சண்டைக்காரங்கதானே தாத்தா?" என்றான். மேட்ச் நடக்கும் 90 நிமிடத்துக்கு மட்டும் என்று சொன்னேன்.

இனி என் தொழில் அனுபவத்தில் சில வார்த்தை. பிளாட்பாரங்களிலும் நடைமேம்பாலங்களிலும் கூட்டத்தைப் பார்த்தே என் காலம் போயிற்று. நெரிசல் பெரும்பாலும் கெட்டவர்களால் வருவதில்லை. முன்னால் வழி அடைபட்டிருப்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது, அதனால் வருகிறது. 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நடைமேம்பாலத்தில் 23 பேர் அப்படித்தான் போனார்கள். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தோனேசியாவின் மலாங் மாவட்ட ஸ்டேடியத்தில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, குறுகிய வாசல்களை நோக்கிக் கூட்டம் ஓடியது. 135 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் பலர். ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேர் இருக்கும் வரை மனிதன் தன் காலால் நடக்கிறான். அதற்கு மேல் நெருங்கினால் கூட்டம்தான் அவனை நடத்துகிறது. பெரியவரின் மார்பு உயரத்தில் மூச்சு விடும் குழந்தையின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். உட்கார்ந்ததும் வெளியேறும் வழிகள் இரண்டைப் பிள்ளைக்குக் கையால் காட்டுங்கள். நடைவழியை ஒட்டிய இருக்கை நல்லது. பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். விசில் ஊதியதும் எழுந்து ஓடாதீர்கள். கால் மணி நேரம் உட்கார்ந்து கடலை தின்றுவிட்டு வந்தால் குடி முழுகிப் போகாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும். பட்டாசும் டிரம்மும் அதன் காதுக்கு ஆகாது.

ஸ்டேடியத்தைக் கட்டி நிர்வகிப்பவர்களின் பொறுப்பு இதைவிடப் பெரியது. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக இதே சால்ட் லேக்கில் சிமெண்டுப் படிகளுக்குப் பதில் தனித்தனி இருக்கைகள் போட்டார்கள். இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று வென்ற இறுதியாட்டத்தை 66,000 பேருக்கு மேல் அமைதியாகப் பார்த்தார்கள். அதே ஸ்டேடியம், அதே கல்கத்தா ஜனங்கள். ஏற்பாடு ஒழுங்காக இருந்தால் ஜனங்களும் ஒழுங்காக இருப்பார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கடைசியில் மருமகளோடு ஒரு சமரசத்துக்கு வந்தேன். பெரிய மேட்ச் இப்போது வேண்டாம். கூட்டம் குறைந்த ஒரு கல்கத்தா லீக் ஆட்டத்துக்குப் பேரனை அழைத்துப் போனேன். எங்கள் அணி தோற்றது. அவன் கண்ணில் தண்ணீர். எதிரணி கோல்கீப்பர் எங்கள் பக்கமாக வந்தபோது சிலர் ஏசினார்கள். எனக்கும் நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. பேரன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து கை தட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவனும் தட்டினான்.

நம் சங்கம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டியெல்லாம் நடத்துகிறது. அவற்றோடு, பத்துக் குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு லீக் ஆட்டத்துக்கும் போய் வந்தால் என்ன? செயற்குழு யோசிக்கட்டும். வருகிற பெரியவர்களுக்கு ஒரே நிபந்தனைதான்: பாட்டி முன்னால் சொல்லக் கூடாத வார்த்தையை மைதானத்திலும் சொல்லக் கூடாது.